பயத்துக்கு டோக்கன்

வீடியோ கேம் போட்டியின் அரையிறுதிக்கு வருகிறவர்கள் தங்கள் பயத்தை மண்டபத்து வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செருப்பு விடுகிற இடம்தான். டோக்கன் தருவார்கள். இடைவேளையில் அதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

என் பயம் ஆட்டுக்குட்டி உயரம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கூடவே இருக்கிறது. திரையில் யாராவது எனக்குப் பின்னால் வந்தால் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கும். எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் எங்கள் திருப்பூர் அணியில் ஐந்து ஆட்டக்காரர்களும் ஒரு மனநல ஆலோசகரும் இருந்தோம். இந்த வருஷம் ஐந்து ஆலோசகர்கள். ஆடுவதற்கு நான் ஒருத்திதான். இன்று தோற்றால் என் நாற்காலிக்கும் ஒரு ஆலோசகர் வந்துவிடுவார். நாற்காலி இப்போதே அவர் முதுகுக்குத் தக்கபடி வளைய ஆரம்பித்திருந்தது.

முதல் சுற்றில் எனக்குப் பயமே இல்லை. எதிரே ஈரோட்டு அணியின் தாமோதரன் துப்பாக்கியோடு நின்றார். நான் சிரித்த முகமாக நடந்து போய்ச் செத்தேன்.

"நல்ல அமைதி," என்று தலைமை ஆலோசகர் பூங்கோதை மேடம் குறித்துக்கொண்டார்.

"தோத்துட்டேனுங்க மேடம்."

"அதனாலென்ன, மூச்சு சீராத்தான இருந்துச்சு."

இடைவேளையில் வாசலுக்கு ஓடினேன். நடை நீண்டுகொண்டே போனது. பந்தி நடக்கும் கூடத்தை மூன்று முறை தாண்டினேன். மூன்றாவது முறை எனக்கும் இலை போட்டிருந்தார்கள். ரசத்தோடு எழுந்துவிட்டேன்.

டோக்கனை நீட்டினேன்.

"உங்களுத ஈரோட்டுக்காரரு கொண்டு போய்ட்டாருங்க," என்றார் கவுன்டரில் இருந்தவர். "டோக்கனத் தொலைச்சுட்டாரு. சரி, கெடக்கறதுல ஒண்ண எடுத்துக்கங்கன்னுட்டேன்."

"அப்ப எனக்கு?"

"அவருத கெடக்குதுங்க. செருப்பு மாறிப் போனா நாம அப்படித்தானுங்களே பண்றோம்."

தாமோதரனின் பயம் எருமைக்கன்று அளவு இருந்தது. கூச்சப்பட்டுச் சுவரைப் பார்த்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தேன். இரண்டாம் சுற்றில், திரையில் மரப்பாலம் வந்ததும் அது கண்ணை மூடிக்கொண்டது. ஆக, அவர் பாலத்தில் ஏறிப் பழகாதவர். சுற்றுப்பாதையில் காத்திருந்து ஜெயித்தேன்.

கடைசிச் சுற்று. மேடையின் அந்தப் பக்கம் என் பயம் அவர் மடியில் உட்கார்ந்திருந்தது. நான் எங்கே ஒளிவேன், எப்போது பதறுவேன், எல்லாம் அதற்குத் தெரியும். நான் நெருங்கும்போதெல்லாம் அவர் சட்டையை இழுத்தது. அவர் திரும்பிச் சுட்டார். இத்தனை வருஷம் எனக்காக இழுத்தது அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒருவழியாக அவருக்குப் பின்னால் போய் நின்றேன். திரையில் எனக்கு உயிர் நூலளவுதான் மிச்சம். இப்போது அது அவர் சட்டையை இழுக்க வேண்டும். என்னைப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

சுட்டேன். ஜெயித்தேன்.

தாமோதரன் அதை மடியிலிருந்து இறக்கிவிட்டார். "நல்ல சீவனுங்க. எந்நேரமும் உங்களையேதான் பார்த்துட்டிருந்துச்சு."

"உங்களுதும் தங்கமானதுங்க. கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்."

ஐந்து ஆலோசகர்களும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்கள்.

"இப்ப என்ன தோணுது கோகிலா?" என்றார் பூங்கோதை மேடம்.

"பயமாருக்குங்க மேடம்."

ஐந்து பேரும் பேனாவை மூடினார்கள். பூங்கோதை மேடம் கொஞ்சம் நகர்ந்து என் பயத்துக்கு உட்கார இடம் விட்டார்.