யெஸ் அடிக்கும் புரோகிராம்

லினக்ஸில் பழைய ஃபைல்களைப் புதிய கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் 'தொடரலாமா?' என்று கேட்டு அது என் உயிரை வாங்கியது. கடுப்பில், நிமிடத்துக்கு ஒரு தடவை யெஸ் என்று தானே டைப் செய்து என்டரும் தட்டும் குட்டிப் புரோகிராம் ஒன்றை எழுதி ஓடவிட்டேன். பிறகு டீ போடப் போனேன். எந்த விண்டோ முன்னால் இருக்கிறதோ அதில்தான் அது தட்டும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

திரும்பி வந்தால், திரையில் மனைவியின் தம்பியின் சாட் விண்டோ தானாக முன்னால் வந்து நின்றிருந்தது.

"மாமா, லீவுக்கு அங்க வரலாமா?"

யெஸ்.

"குடும்பத்தோட?"

யெஸ்.

"ஒரு மாசம் தங்கலாமா?"

யெஸ். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே இன்னொரு யெஸ்.

அவசரமாகப் புரோகிராமை நிறுத்தினேன். சாட்டை அழிப்பதற்குள் மனைவி பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"எங்க வீட்டு ஆளுங்ககிட்ட நீங்க இவ்வளவு தன்மையா பேசி நான் பார்த்ததே இல்லைங்க," என்றாள். "அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லட்டுமா?"

அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சொல்லு," என்றேன். அதை நானேதான் சொன்னேன்.