ஒரு முழம் மேலே மூக்கன்

இதனால் வேலிக்குளம் கிராமத்துச் சகல ஜனங்களுக்கும், அக்கம்பக்கத்து ஊராருக்கும், விராலிமலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களுக்கும், பின்னால் வரப்போகும் சந்ததிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மேற்படி கிராமத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் மூக்கன், வயது ஐம்பத்தொன்பது, ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முறைப்படி இறந்து, முறைப்படி புதைக்கப்பட்டு, மூன்றாம் நாள் காலையில் குழிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் கிடந்தார். அன்று சந்தையில் தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய்.

பால் தெளிக்கப் போன அவர் மனைவி அழகிதான் முதலில் பார்த்தாள். மண்மேடு போட்டது போட்டபடி இருந்தது. ஒரு விரிசல் கிடையாது. மாலைகூட நகரவில்லை. அதற்கு மேலே, பிடிமானம் எதுவும் இல்லாமல், கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு மூக்கன் படுத்திருந்தார். கோடி வேட்டியில் ஒரு பொட்டு மண் இல்லை. "என்னங்க, எந்திரிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். பதில் இல்லை. உயிரோடு இருந்தபோதும் கேட்டவுடன் பதில் சொல்கிற ஆள் இல்லை என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நர்ஸம்மா வந்து நாடி பிடித்துப் பார்த்து, செத்துத்தான் இருக்கிறார் என்று உறுதி சொல்லிவிட்டுப் போனார். எட்டடி தோண்டி மறுபடி புதைத்தார்கள். விடிந்ததும் அதே உயரத்தில் இருந்தார். மூன்றாம் முறை மேலே ஆட்டுக்கல்லை வைத்தார்கள். விடிந்ததும் ஆட்டுக்கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்தார். குவைத்திலிருந்து வந்திருந்த மகன் பிரவீன்குமார் முதல் இரண்டு முறையும் விழுந்து விழுந்து அழுதான். மூன்றாம் முறை ஒரு ஓரமாகப் போய் ஏஜெண்டுக்குப் போன் போட்டு டிக்கெட் தேதியை மாற்ற முடியுமா என்று விசாரித்தான். வாசனை எதுவும் வரவில்லை. மழை பெய்தால் அவருக்குக் கீழே இருந்த இடம் மட்டும் நனையாமல் இருந்தது. இரண்டு ஆடுகள் அதைக் கண்டுபிடித்து ஒதுங்கிக்கொண்டன.

ஊருக்கு இதில் அதிசயம் பெரிதில்லை, சங்கடம்தான் பெரிது. பிணம் மண்ணுக்கு மேலே இருக்கும்வரை அம்மன் கோயில் நடை திறக்காது. வருகிற வெள்ளிக்கிழமை மதுக்குடம் எடுக்கும் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாக வேண்டும். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளைச்சாமி கூட்டம் போட்டார். வந்திருந்த பதினொரு பேரைப் பார்த்து, "அன்பார்ந்த பெருந்திரளான பொதுமக்களே" என்று ஆரம்பித்தார். உலக நாடுகள் இந்தக் கிராமத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவருக்கு இரண்டு வீடு தள்ளியே இந்த விஷயத்துக்காக யாரும் டீவியை அணைத்திருக்கவில்லை. நாற்பது நிமிடம் பேசி, வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் மூக்கன் மண்ணுக்குள் போகாவிட்டால் எரித்துவிடுவது என்று முடித்தார்.

அழகி எழுந்தாள். "முப்பது வருசம் ஊருக்குத் தண்ணி தொறந்துவிட்ட மனுசன்ணே. அவரையா நெருப்புல போடச் சொல்றீங்க? ஒங்க வீட்டு அண்டா, குண்டாவையெல்லாம் ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

"ஆத்தா, எனக்கு மட்டும் ஆசையா? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

"எந்தச் சட்டம்ணே?"

டீ சொல்லிவிட்டு வருவதாக அங்கிட்டுப் போன வெள்ளைச்சாமி அன்றைக்குத் திரும்பவில்லை.

ஆனால் சட்டம் என்ற அந்தச் சொல் அழகிக்குள் விழுந்து கிடந்தது. சுடுகாட்டுக்குத் திரும்பி வந்து புருசன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். தெரிந்த முகம்தான். ஆபீஸ் வாசலில் நிற்கிற முகம். மூக்கன் எந்த வாசலிலும் 'வாங்க' என்று யாராவது சொல்லாமல் காலெடுத்து வைத்ததில்லை. மாமனார் வீட்டில் தலைத் தீபாவளிக்கே வேலிப்படலுக்கு வெளியே அரைமணி நேரம் நின்றவர். ஆள் அரவமே இல்லாத நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்குக்கு மொபெட்டை நிறுத்திப் பச்சைக்குக் காத்திருப்பார். இப்போது அவரை வாங்க என்று சொல்லாதது யார்? அழகி தலையைத் திருப்பினாள். சுடுகாட்டு வாசலில் அந்தக் கல் நின்றது.

அந்தக் கல்லின் கதை சுருக்கமானது. சமஸ்தானக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சமாதிகளை எண்ணினார். இந்த ஊர்க்காரர்கள் ஒரு வரிசை இல்லாமல் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டு மனம் வருந்தி, ஏழு விதிகளைத் தமிழில் வெட்டச் சொல்லி ஆளுயரக் கல்லாக நட்டுவிட்டுப் போனார். அவர் மாற்றலாகிப் போகும்வரை ஊர் அதற்குக் கட்டுப்பட்டது. அதாவது நாலு மாதம். பிறகு நூறு வருடமாக அந்த விதிகளை மீறியே எல்லோரும் புதைந்தார்கள். ஒரு பிணமும் ஆட்சேபம் சொல்லவில்லை, ஏனென்றால் ஒரு பிணமும் கல்லைப் படித்ததில்லை. மூக்கன் மட்டும்தான் வருடம் தவறாமல் போகியன்று அதற்குச் சுண்ணாம்பு அடித்து, எழுத்துக்குழியில் கருப்பு மை நிரப்புவார். யாரும் செய்யச் சொல்லவில்லை. அரசாங்கச் சொத்து பாழாகக் கூடாதாம். ஊரில் அதைப் படித்த ஒரே ஆள் அவர். மாட்டிக்கொண்டதும் அவர்.

வி.ஏ.ஓ. வசந்தகுமார் வந்து வாசித்தார். நாலாவது விதி: இவ்விடம் நிரம்பிவிட்டபடியால் மூடப்பட்டது, சுகாதார மேற்பார்வைத் துரையவர்களின் கையெழுத்தின்றி இனி ஒருவரையும் இதில் இறக்கலாகாது. வசந்தகுமார் நல்ல பிள்ளை. அன்றைக்கே மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம், அதன் வழக்கத்துக்கு விரோதமாக, இரண்டே நாளில் பதில் போட்டது: அப்பதவி சமஸ்தானத்தோடு ஒழிந்துபோனது, எனினும் கையெழுத்தை அப்பதவியில் உள்ளவரிடமே பெற வேண்டும். மனசு கேட்காமல் வசந்தகுமார் தானே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, மூக்கன் முகத்துக்கு நேரே பிடித்தார். மூக்கன் நாலு விரற்கடை இன்னும் மேலே போனார்.

"செல்லாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிபோச்சு," என்றாள் அழகி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வியாழக்கிழமை மதியம் வெள்ளைச்சாமியின் டிராக்டர் விறகும் வறட்டியும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. அழகி கல்லின் பின்பக்கமாகப் போய்ச் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே கையைப் பின்னால் ஊன்றினால் விரலில் எழுத்துத் தட்டுப்பட்டது. பின்பக்கத்திலும் எழுத்து, அதிலும் மூக்கன் நிரப்பிய மை. கல் வெட்டுக்கூலி மிச்சம் பிடிக்க, இன்னொரு இலாகாவின் உத்தரவையும் துரை அதே கல்லின் முதுகில் ஏற்றியிருக்கிறார். அவள் கூப்பிட, வசந்தகுமார் வந்து ஓரத்து முள்ளை ஒதுக்கி வாசித்தார்: இவ்வெல்லைக்குள் கைத்தொழில் தொடங்கும் குடிகளை ஊக்குவிக்கும் பொருட்டு, தொழில் நிமித்தம் தோண்டும் குழிகளுக்கு எவர் கையெழுத்தும் வேண்டியதில்லை, குழியில் இட்ட சரக்கைப் பருவத்தில் வெளியே எடுத்துக் காட்ட வேண்டியது.

சுடுகாட்டில் தொழில் தொடங்க நூறு வருடத்தில் ஒருவருக்கும் ஊக்கம் வரவில்லை. அழகிக்கு வந்தது. அவள் ஆவணியில் பனங்கொட்டை பொறுக்கிப் பாத்தி கட்டிப் புதைப்பவள். மார்கழி கழியத் தோண்டிக் கிழங்கை அவித்து விராலிமலை மலையடிவாரத்தில் விற்பவள். மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"தம்பி, பொதைக்கிறதுதானே என் தொழிலே!"

வசந்தகுமார் தலையைச் சொறிந்தார். "அது சரிம்மா. ஆனா அய்யாவச் சரக்குன்னுல்ல எழுதணும்."

"எழுதுங்க. முப்பது வருசமா நான் திட்டுனதவிட அது ஒண்ணும் மோசமில்ல."

டிராக்டரில் வந்த விறகைத் தள்ளிவிட்டு ஆட்கள் குழி தோண்டினார்கள். அழகி வீட்டிலிருந்து மூன்று சாக்குப் பனங்கொட்டை வந்தது. எல்லாம் தயாரானதும் அவள் மூக்கன் காதருகே குனிந்தாள். "என்னங்க. இது பொதகுழி இல்ல, பாத்தி. கையெழுத்து வேணாமாம். கல்லு முதுகுல போட்டுருக்கு. நீங்க மை வச்ச எழுத்துதான். வாங்க."

மூக்கன் சற்று நேரம் அப்படியே இருந்தார். மனசுக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்திருப்பார் போல. பிறகு தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்குவதுபோல நாலு விரற்கடை, ஒரு சாண், ஒரு முழம் என்று இறங்கிக் குழிக்குள் போய்ப் படுத்தார். கைகள் நெஞ்சிலிருந்து பிரிந்து பக்கத்தில் விழுந்தன. அழகி மண்ணைத் தள்ளினாள். அதன்மேல் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மூடினாள். மறுநாள் காலை யாரும் மேலே இல்லை. நடை திறந்தது, காப்புக் கட்டினார்கள், மதுக்குடம் எடுத்தார்கள். பிரவீன்குமார் குவைத்துக்குப் போனான். ஊர் மானத்தைக் காத்ததற்காக வெள்ளைச்சாமிக்குப் பாராட்டு விழா நடந்தது; ஏற்பாடு வெள்ளைச்சாமி.

போகி வந்தது. சரக்கை வெளியே எடுத்துக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறதே; அழகி தோண்டினாள். முதலில் கிழங்கு வந்தது, பின்னால் மூக்கன் வந்தார். வேட்டியில் மண் ஒட்டியிருந்தது; அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நிழலில் கிடத்திவிட்டு, அவித்துக் கொண்டுவந்த கிழங்கை உரித்துத் தின்றுகொண்டே ஊர்ச் செய்தியெல்லாம் சொன்னாள். புது ஆபரேட்டர் வந்து மோட்டார் இரண்டு தடவை எரிந்துவிட்டது. பேத்தி பிறந்திருக்கிறாள், மூக்கு நீங்கதான். சொல்லி முடித்து வாய் கொப்பளிக்கப் போய்த் திரும்புவதற்குள் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது, இரண்டு பக்கமும் எழுத்து புதுக்கருப்பாக ஈரத்தோடு மின்னியது. மூக்கன் படுத்த இடத்தில்தான் படுத்திருந்தார். நகக்கண்ணில் மட்டும் மை. அழகி அதை முந்தானையால் துடைத்துவிட்டாள். பொங்கலன்று காலை, பேருக்கு நாலு கொட்டையைப் போட்டு, "வாங்க" என்று சொல்லி உள்ளே அனுப்பிவைத்தாள்.

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருநாள் இப்படித்தான். மூன்றாம் வருடம் தொழில் இலாகாவிலிருந்து அதிகாரிகள் வந்து, சிறந்த கிராமத் தொழிலுக்கான கேடயத்தை அழகிக்குக் கொடுத்தார்கள். பணியாளர் எத்தனை பேர் என்ற கட்டத்தில் வசந்தகுமார், நிரந்தரம் ஒன்று, பருவகாலம் ஒன்று என்று நிரப்பினார். இது தன் நெடுநாள் கனவு என்று வெள்ளைச்சாமி ஒருமணி நேரம் பேசினார். அவர் செத்தால் எங்கே வைப்பது என்பதில் ஊருக்குக் கவலை இல்லை. அவர் எந்த விதியையும் படித்தவர் அல்லர். கேடயம் அழகி வீட்டில் உப்புப் பானைக்கு மூடியாக இருக்கிறது.

இந்த வருடம் கிழங்கு கொஞ்சம் நார்.