அலைத்தூதின் முதல் திருத்தம்

எங்கள் தீவில் 'அலைத்தூது' என்ற நாளேட்டை நடத்துவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. அதற்கு ஆசிரியர், நிருபர், அச்சடிப்பவர் எல்லாம் நமசிவாயம்தான். பதினைந்தாவது ஆண்டு மலருக்குப் பத்திரிகையின் வரலாற்றையும் அவரே எழுதினார். வேறு யாரும் இவ்வளவு புகழ்ந்திருக்க மாட்டார்கள். "பொய்ச்செய்தி போட்டதுமில்லை, போட்ட செய்தியை மறுத்ததுமில்லை" என்ற வரியை மூன்று தரம் வாசித்துத் தானே உருகினார். அதில் பின்பாதி உண்மை.

செய்தி தேடி அவர் அலைவதில்லை. காலை லோஞ்சுப் படகு வரும்போது குடையோடு இறங்குதுறையில் நிற்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்குகிற சனம் சொல்வதுதான் மறுநாள் செய்தி. பதினொரு வருடத்துக்கு முன், யாழ்ப்பாண ஆஸ்பத்திரி வாசலில் லூர்த்தம்மா நின்று அழுததைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். அவருடைய கணவர் நீக்கிலாப்பிள்ளை அங்கே படுத்திருந்தது ஊருக்கே தெரியும். நமசிவாயத்துக்கு அது போதும். மறுநாள் முதற்பக்கத்தில் அவரைப் படத்தோடு சாகடித்துவிட்டார். அடுத்த நாள் அந்த மனிதரே லோஞ்சில் வந்திறங்கி இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். திருத்தம் போட்டால் மானம் கப்பலேறிவிடும் என்று நமசிவாயம் வாயே திறக்கவில்லை.

மலர் அச்சேற இருந்த அன்று காலை லூர்த்தம்மா வந்தார்.

"தம்பி, இவர் விடியப்புறம் மோசம் போயிட்டார். மரண அறிவித்தல் ஒண்டு போடவேணும்."

"போடுவம், அக்கா."

"முதல் போட்டது பிழையெண்டும் போடுங்கோ. இல்லாட்டிச் சனம் சிரிக்கும்."

நமசிவாயம் மேசையில் கிடந்த வரலாற்றைப் பார்த்தார்.

"பதினொரு வருசமாச்சு, அக்கா. அதை ஆர் இப்ப நினைச்சுக்கொண்டிருக்கினம்?"

"நான் நினைக்கிறன். இந்தப் பதினொரு வருசமும் அவர் என்னோடை இருந்தவர், தம்பி. உங்கடை பேப்பரிலைதான் இல்லை. வாங்கோ, இந்த முறையாவது வந்து பாத்திட்டு எழுதுங்கோ."

வெட்கம் பிடுங்கித் தின்ன, அவர் பின்னாலேயே போனார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மாலைவரை இருந்து, லூர்த்தம்மா சொன்னதையெல்லாம் கேட்டார். திரும்பி வந்து வரலாற்றைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் இதைப் போட்டார்:

"திருத்தம். பதினொரு வருடத்துக்கு முன் திரு. நீக்கிலாப்பிள்ளை காலமானதாக நாம் வெளியிட்டது பொய். அதன் பிறகு அவர் கடலுக்குப் போனார். பேத்திக்கு நீச்சல் பழக்கினார். கறியில் உப்புக் காணாது என்று மனைவியோடு தினமும் சண்டை பிடித்தார். நேற்றுத்தான் காலமானார். ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்தார். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் போகவில்லை."