ரப்பர் கலந்த எரிகட்டி

பள்ளிக்கூடத்தில் சமைக்கும் அக்கா, அடியில் தார் பூசியதுபோல் கறுத்துப்போன பாத்திரத்தைக் கொண்டுவந்து எங்கள் எரிகட்டிப் பட்டறையில், அண்ணன் அறை மேஜைமேல் டங்கென்று வைத்தார். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன.

"மூணு நாளா இதே புகைதான். கூட வேலை செய்யுற ரெண்டு பேரும் வாந்தி எடுத்துட்டாங்க. என்னத்த கலந்தீங்க?"

"அடுப்பு பத்தவைக்கத் தெரியணும்," என்றான் என் அண்ணன், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

எனக்குச் சுருக்கென்றது. சோளத்தட்டையையும் கடலைத் தோலையும் கருக்கிப் பொடித்து, கிழங்கு மாவுக் கஞ்சி விட்டுப் பிசைந்து எரிகட்டி பிடிக்கும் பக்குவம் என்னுடையது. உதிராத, பூசணம் பிடிக்காத கட்டி வருவதற்கு இரண்டு வருடம் ஆனது. புகையே வராது என்று அந்த அக்காவிடம் சொன்னதும் நான்தான்.

கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். நனைந்த கடலைத் தோல் மூட்டைகளுக்குப் பின்னால் நான்கு சாக்கு ரப்பர் தூள். செருப்புத் தொழிற்சாலைக் கழிவு. நான் காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு வாரத்தில் நடந்த வேலை. ஒரு கைப்பிடி அள்ளி வந்து அவன் முன்னால் கொட்டினேன்.

"மழையில எல்லாம் நனைஞ்சுபோச்சு. ஆர்டர நிறுத்தச் சொல்றியா?"

"ஆமா."

"உனக்கென்ன, வாய் இருக்கு, பேசுவ."

டீ போடும் அடுப்பில் அந்த ரப்பர் கலந்த கட்டிகள் நான்கைப் போட்டுப் பற்றவைத்து அவன் அறை நடுவே வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். கதவை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இதுல ஒரு டீ போட்டுக் குடு. குடிச்சிட்டுப் போறேன்."

"நீ ஏம்மா உள்ள உக்கார்ற?" என்றார் அக்கா.

"விட்டா இவன் ஓடிடுவான்."

"அப்ப தள்ளிக்கோ. எனக்கு இது பழக்கம்தான்," என்று அவரும் என் பக்கத்தில் குந்தினார்.

கரும்புகை சுருண்டது. தொண்டை எரிந்தது. அண்ணன் தட்டுத்தடுமாறி எழுந்தான்.

"கதவ விடு."

"தண்ணியே இன்னும் கொதிக்கல."

எங்களைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினான். "பைத்தியமா உனக்கு?"

"அவங்க தினம் நாலு மணி நேரம் நிக்கிறாங்க. நீ நாலு நிமிஷம் நிக்கல."

அன்று மதியமே கைவண்டியில் பள்ளிக்கூடத்துக்குப் போன கட்டி மூட்டைகளைத் திருப்பி ஏற்றிவந்து அவன் அறை வாசலில் இறக்கினேன். அவன் தடுக்கவுமில்லை, கை கொடுக்கவுமில்லை. நனைந்த தோல் காய ஐந்து நாள் பிடித்தது. அதுவரை அக்காவுக்கு விறகுதான்.

ஆறாம் நாள், கட்டி பிசைய மாவுக் கஞ்சி காய்ச்ச உட்கார்ந்தபோது அண்ணன் வந்து நின்றான். "கஞ்சி நான் காய்ச்சவா?"

கரண்டியைக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.