கடைக்காரி ஏன் தலையாட்டினாள்

அந்த நாட்டின் பெயர் நதாவின் வாயில் இன்னும் சரியாக வரவில்லை. லீக்டன்ஸ்டைன் என்று ஸுஹைல் சாச்சா எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தார். உம்மா அந்தப் பாடுபடவே இல்லை. "அந்தச் சின்ன நாடு" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

சுவிஸுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில், மலைகளுக்குள் சொருகி வைத்தது போன்ற நாடு. வாசனைச் சரக்குக் கண்காட்சி ஒன்றுக்காக முதலாளியோடு சுவிஸுக்குப் போயிருந்தார் சாச்சா. ஒரு நாள் ஓய்வு கிடைத்ததும் பஸ் பிடித்து அந்த நாட்டில் போய் இறங்கினார். கடைத்தெருவில் நின்றபடி மாத்தளையில் இருக்கும் வீட்டுக்கு வீடியோ கோல் எடுத்தார்.

"நாடு முழுக்கச் சேத்தாலும் நம்ம டவுன் அளவு சனம்தான் இருக்கும் போல," என்றார். தலையில் வழக்கமான வெள்ளைத் தொப்பி. மூக்கு சிவந்திருந்தது. பின்னால் மலை உச்சியில் வெள்ளையாகப் பனி.

"காதை மூடிக்கோ தம்பி," என்றாள் உம்மா.

"காதை மூடினா நீங்க சொல்றது எப்படிக் கேக்கும் மதினி?"

வெளிநாடு போனவர் வெறும் கையோடு திரும்ப முடியாது. அதிலும் இந்தத் தடவை சாமான் வீட்டுக்கு மட்டும் அல்ல. நதாவின் ராத்தா, மூத்தவள் றுக்ஸானாவுக்குப் பக்கத்து ஊரான பலாபத்வலயில் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் ஸமத், பள்ளிவாசல் நிர்வாகத்து நம்பிக்கையாளர். பேச்சு பாதியில் நிற்கிறது. அந்த வீட்டுக்கு இங்கிருந்து போகும் முதல் சாமான் இதுதான். அதனால் தெரிவு செய்யும் வேலையை உம்மா நதாவிடம் விட்டாள். பதினைந்து வயதில் அவளுக்குத்தான் புதுசு எது, பழசு எது என்று தெரியுமாம்.

சாச்சா போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கோட்டைப் படம் போட்ட காந்தம். முத்திரைகள். மரத்தில் செதுக்கிய பசு. பூப்போட்ட பட்டியில் தொங்கும் பித்தளை மணி.

"மணி ஒண்ணு எடுங்க சாச்சா."

"மாட்டுக் கழுத்துல கட்டுறது புள்ள. நம்மகிட்ட மாடு எங்க?"

"மாட்டுக்கு இல்ல, ஷோகேஸுக்கு."

பிறகு சொக்லட். கோட்டையும் செரிப் பழமும் போட்ட சிவப்புப் பெட்டியை நதாவுக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. சாச்சா மூன்று பெட்டிகளை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். அங்கேதான் கடைக்காரி குறுக்கிட்டாள்.

"நதா, இவ பாஷை ஒண்ணும் விளங்கல, வேற பெட்டியத் தள்ளுறா. நீலப் பெட்டி. சிவப்பைத் தொட்டாலே இல்ல இல்லன்னு தலைய ஆட்டுறா."

சாச்சா பல வருஷம் பலாபத்வல ரோட்டில் ஒரு வாசனைச் சரக்குத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர் கையில் எடுத்த சின்னப் போத்தலை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பெரிய போத்தலைக் கையில் கொடுப்பதுதான் அங்கே அவருடைய வேலை. சாயந்தரமானால் அதை வீட்டில் நடித்துக் காட்டுவார். நதா அதைப் பார்த்து வளர்ந்தவள்.

"விலை கூடினதத் தள்ளப் பாக்குறா சாச்சா. விடாதீங்க."

"என்கிட்டயே என் வேலையக் காட்டுறா," என்று சாச்சா சிரித்தார்.

கடைக்காரியும் விடவில்லை. தன் தலையைத் தொட்டாள். சாச்சாவின் தொப்பியைக் காட்டினாள். மறுபடியும் தலையாட்டினாள்.

"தொப்பி புடிச்சிருக்காம் இவளுக்கு."

"கழட்டிக் குடுத்துட்டு விலையக் குறைக்கச் சொல்லு," என்றாள் உம்மா. எல்லாரும் சிரித்தார்கள். சிவப்புப் பெட்டிகள் மூன்றும் பைக்குள் போயின.

சாச்சா வந்து சேர்ந்ததும் ஸ்டிக்கர் உரிக்கும் வேலையும் நதாவுக்கே வந்தது. கொடுக்கும் சாமானில் விலை தெரியக் கூடாது. தேங்காய் எண்ணெய் தொட்டு நகத்தால் சுரண்டினாள். அடியில் பொடி எழுத்தில் என்னவோ அச்சடித்த வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றும் இருந்தது. பார்க்க வடிவில்லாமல் கிடந்ததால் அதையும் சுரண்டிப் போட்டாள். ஒரு பெட்டி உம்மாவின் அலுமாரிக்குள் போனது. ஒன்று பலாபத்வல மாப்பிள்ளை வீட்டுக்கு. மற்றது பக்கத்து வீட்டுச் செல்வரத்தினம் அங்கிளுக்கு. அவர் யாழ்ப்பாணத்து மனிதர், மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் உத்தியோகம்.

ரெண்டு நாள் கழித்து வட்டிலப்பம் கொடுத்தனுப்பிய கிண்ணத்தை வாங்கி வர நதா அங்கே போனாள். அங்கிள் சொக்லட் ஒன்றைக் கடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, உங்கட சாச்சா ஆள் சரியான ஆள்தான்."

"ஏன் அங்கிள்?"

"இதுக்குள்ள குடி எல்லோ வச்சிருக்கிறாங்கள்."

அங்கிளின் மனைவி நேசம்மா ஆன்ட்டி கிண்ணத்தைத் துடைத்தபடி குசினியிலிருந்து வந்தாள். "அவற்ற கதைய விடு பிள்ளை. போன கிழமை நான் வச்ச ரசத்திலயும் குடி இருக்கெண்டவர்."

"ரசத்தில நான் பகிடிக்குச் சொன்னது. இது அப்பிடியில்லை. இன்னும் ரெண்டு சாப்பிட்டாத்தான் நிச்சயமாச் சொல்லலாம்."

நதாவும் சிரித்தாள். கிண்ணத்தோடு கேட் வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். கடைக்காரி தன் தலையைத் தொட்ட விதம் கண்ணுக்குள் வந்தது. தொப்பி. தொப்பி போட்டவருக்கு இது வேண்டாம் என்றா அவள் சொன்னாள்?

அலுமாரியைத் திறந்து வீட்டுப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் எண்ணெய் பட்ட தடம்தான் இருந்தது. பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லை. மிச்சம் வைக்காமல் சுரண்டியது அவளேதான்.

சாச்சாவுக்குப் போன் எடுத்தாள். அங்கிள் சொன்னதைச் சொன்னாள்.

"அந்தப் பொம்புள நல்லாச் சிரிச்சாளே புள்ள. ஹராமானத விக்கிறவ அப்படிச் சிரிப்பாளா?"

"அவ தொப்பியக் காட்டினா சாச்சா."

"காட்டினாதான். இருந்தாலும் இருக்கும், இல்லாட்டி இல்ல. நீ மூச்சு விடாத. ராத்தாட விஷயம் கெட்டுப் போயிரும்."

இருக்கிறதா, இல்லையா? அங்கிள் சொன்னது பகிடியா? தெரியாமல் தின்றால் குற்றமில்லை என்று மத்ரஸாவில் படித்திருந்தாள். அப்படிப் பார்த்தால் பலாபத்வல வீட்டார் தின்றாலும் அவர்கள் மேல் ஒன்றுமில்லை. அவள் போய்ச் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியவரும். சொல்லாவிட்டால் எல்லாம் அவள் தலையில். சொன்னால் ராத்தாவின் தலையில். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருடைய தலை வந்து நின்றது.

மறுநாள் டியூஷன் முடிந்ததும் சாச்சா வாங்கி வந்த பித்தளை மணியைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு பலாபத்வல பஸ்ஸில் ஏறினாள். பஸ் குலுங்கிய போதெல்லாம் மணி அடித்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் பையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சொக்லட் மாறி வந்துவிட்டது, இந்த மணிதான் உங்களுக்கு என்று சொல்லிப் பெட்டியை வாங்கிவிட வேண்டும். பொய்தான். ஆனாலும் சின்னப் பொய்.

மாப்பிள்ளையின் உம்மா, ஸமத் மாமி, கதவைத் திறந்தாள். "தனியாவா வந்தே மகள்? வா, வா."

ஷோகேஸில் மக்காவிலிருந்து வந்த மணிக்கூட்டுக்கும், மூடி திறக்காத அத்தர்ப் போத்தலுக்கும் நடுவில் சிவப்புப் பெட்டி நின்றது. நதாவுக்கு உயிர் வந்தது. வெளிநாட்டுச் சாமானை யார் திறப்பார்கள்? அவர்கள் வீட்டிலும் இப்படித்தான். வருஷக்கணக்கில் கண்ணாடிக்குள்ளேயே இருக்கும்.

"மாமி, அந்தப் பெட்டி..."

"அதையா கேக்குறே?" மாமி ஷோகேஸைத் திறந்து பெட்டியை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு வரிசை காலி. "மாமாவுக்கு முந்தாநாள் இருந்து ஒரே இருமல். மஞ்சள் போட்டுப் பால் குடுத்தேன், கேக்கல. நேத்து இதுல ரெண்டு குடுத்தேன். நெஞ்சுக்குள்ள சூடா இறங்குதுன்னாரு. அசந்து தூங்கிட்டாரு, சுபஹுத் தொழுகைக்கு நான்தான் தட்டி எழுப்பினேன்." பெட்டியை நீட்டினாள். "நீயும் ஒண்ணு எடு. உங்க சாமான்தானே."

நதா ஒன்றை எடுத்தாள். தங்கத் தாள் விரல்களுக்குள் நொறுங்கிச் சத்தம் போட்டது. மாமி பார்த்துக்கொண்டே நின்றாள். இவ்வளவு நேரம் சேர்த்து வைத்த சின்னப் பொய்யில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

"சாப்பிடு மகள்."

"இதுல குடி இருக்கும் போல மாமி. எங்களுக்குத் தெரியாது. கடைக்காரி வேணாம்னுதான் தலையாட்டினா. தொப்பியக் காட்டிக் காட்டிச் சொன்னா. விலை கூடினதத் தலையில கட்டப் பாக்குறான்னு நான்தான் இதையே வாங்க வச்சேன். ராத்தாவுக்கு ஒண்ணும் தெரியாது மாமி."

மாமி மூடியை மெதுவாகப் போட்டாள். "இருக்கும் போலயா, இருக்கா?"

"தெரியாது."

"யாருக்கெல்லாம் சொன்னே?"

"சாச்சாவுக்கு மட்டும். அவர் மூச்சு விடாதன்னாரு."

"அப்ப ஏன் விட்டே?"

நதா அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். மாமி அவளுடைய கையிலிருந்த சொக்லட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஒரு பழைய பேப்பரில் பெட்டியைச் சுற்றி நதாவின் கையில் கொடுத்தாள். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. கோபமா, வேறு ஏதாவதா?

"ஞாயித்துக்கெழம நாங்க வாறோம்னு உம்மாகிட்டச் சொல்லு. சாச்சாவையும் வீட்ல இருக்கச் சொல்லு. அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன மாமி?"

"அந்தப் பொம்புள எவ்வளவு நேரமாத் தலையாட்டினான்னு."

சொல்லும்போது மாமியின் தோள்கள் லேசாகக் குலுங்கின. சிரிக்கிறாளா என்று நதாவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பையிலிருந்து மணியை எடுத்துக் கொடுத்தாள். பெட்டி இருந்த இடத்தில் மாமி அதை வைத்துப் பார்த்தாள். பட்டியை முன்னால் இழுத்துச் சரி பண்ணினாள்.

உள் அறையில் ஸமத் மாமா இருமினார். நீளமான இருமல்.

"கேக்குதா? நேத்துத் தந்தீங்களே, அந்த மருந்து சொக்லட். இன்னும் இருக்கா?"

மாமி நதாவைப் பார்த்தாள். நதா கையில் இருந்த பேப்பர்ப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சுங்க," என்றாள் மாமி, அறைப் பக்கம் திரும்பாமலே. "இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொண்டாறேன்."