புளியமரத்துத் தூரி

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். தை மாதம் என் மகள் குஞ்சம்மாளை வெண்ணந்தூரில் கட்டிக்கொடுத்தோம். ஆடி அழைப்புக்கு எங்கள் ஊர் மோகனூருக்கு வந்தவள் ஆளே மாறியிருந்தாள். வாயாடி, வானரம் என்று நானே ஏசிய பெண் அவள். இப்போது கேட்டால் பதில், போட்டால் சோறு. அவ்வளவுதான்.

போதாக்குறைக்கு, அவள் மாமியார் சென்னியம்மாள் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "பதினெட்டாம் பெருக்கன்னிக்கு நானே வாரேன். பொண்ணு இப்படியே ஊமையாட்டம் இருந்தா நீங்களே வெச்சுக்குங்க. எம்பையனுக்கு வேற எடம் பாத்துக்கறேன்."

சொன்னால் செய்கிறவள். அவள் நடந்து வந்தால் கன்றுக்குட்டிகூடத் துள்ளாது.

எங்கள் பக்கம் ஆடியில் தூரி கட்டாத தோட்டம் கிடையாது. களத்துப் புளியமரத்தில் வடக்கயிறு போட்டுப் பலகை மாட்டி ஊஞ்சலாக்குவோம். பெண்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று ஆடுவார்கள். ஒருத்தி முழங்காலை மடித்து உந்தினால் மற்றவள் மேலே போவாள். உச்சிக்குப் போய் இலையைப் பல்லால் கவ்வி வருகிறவள்தான் கெட்டிக்காரி. ஆனால் கட்டிக்கொடுத்த பெண் மாமியார் கண்ணெதிரே தூரி ஏறினால் ஊர் காறித் துப்பும்.

பெருக்கன்று காலையில் ஆற்றுக்குப் போய்வந்தோம். பக்கத்துத் தோட்டத்துக் கமலவேணி குஞ்சம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள். இவள் முதலில் மறுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். தூரி வேகம் பிடித்ததும் சிரித்தாள் பாருங்கள், அதுவரை எங்கே பூட்டி வைத்திருந்தாளோ! நான் பணியாரத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து நின்றேன். அழுகை வந்தது எனக்கு.

அந்த நேரம் பார்த்துத்தானா வண்டி வரவேண்டும்? சென்னியம்மாள் இறங்கி நேராகக் களத்துக்கே வந்தாள்.

"எறங்கு சாமி! உங்கத்தை வந்துட்டாங்க!" என்று கத்தினேன்.

கமலவேணி குதித்து ஓடிவிட்டாள். குஞ்சம்மாள் கயிற்றைப் பிடித்தபடி பலகையிலேயே உறைந்து நின்றாள். முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தொலைந்தது, என் பெண்ணின் வாழ்வு இன்றோடு தொலைந்தது என்று நினைத்தேன்.

சென்னியம்மாள் வடத்தை இழுத்துப் பார்த்தாள். அண்ணாந்து கிளையைப் பார்த்தாள்.

"ஏனுங்க சம்பந்தி, இது என்னையத் தாங்குமுங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பலகையில் ஏறி, மருமகளுக்கு எதிரே நின்றாள். "உந்து புள்ள. என்ன பாத்துக்கிட்டு நிக்கற?"

இருவரும் ஒரே நேரத்தில் முழங்காலை மடித்தார்கள். பலகை நொண்டியது. "நான் உந்தறப்போ நீங்க சும்மா நிக்கோணுங்க அத்தை," என்றாள் குஞ்சம்மாள். மாமியாருக்கே சொல்லிக்கொடுக்கிறாள்! சென்னியம்மாளும் சொன்னபடி கேட்டாள்.

அப்புறம் நான் கண்டதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. கிழக்கே போனால் மாமியார் ஆகாயத்தில், மேற்கே வந்தால் மருமகள் ஆகாயத்தில். கிளை முனகியது. சென்னியம்மாளின் கொண்டை அவிழ்ந்து நரைமுடி பறந்தது. தேர் அசையும்போதுகூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை. வண்டிக்காரன் கந்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். உச்சிக்குப் போன சென்னியம்மாள் கழுத்தை நீட்டி ஒரு புளியங்கொழுந்தைக் கவ்விவிட்டாள்!

தூரி நின்றதும் இறங்கி மண்ணிலேயே உட்கார்ந்தாள். வாயில் இன்னும் அந்தக் கொழுந்து இருந்தது. கண்ணில் நீர் வழிந்தது.

"பன்னண்டு வயசுல கட்டிக் குடுத்தாங்க. அன்னிக்குத் தூரிய விட்டு எறங்குனவ நானு," என்றாள் என்னிடம். பிறகு மருமகளைப் பார்த்து, கேட்கவே பயந்தவளாக, "எங்கூட்டுக்கு வந்தாலும் இப்படிச் சிரிப்பியா கண்ணு?" என்றாள்.

குஞ்சம்மாள் கையை நீட்டினாள்.

"எந்திரீங்க அத்தை. நான் இன்னும் எலையத் தொடலீங்க. இப்ப எனக்கு நீங்க உந்தோணும்."

சென்னியம்மாள் அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள். பலகையில் ஏறி, முழங்காலை மடித்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி என் மகளுக்காக உந்தினாள்.