முடிவு ஜெபம்

அந்தக் கமிட்டியில் தீர்மானம் நிறைவேற்ற யாரும் கை தூக்கியதில்லை. சேர்மன் கண்ணை மூடினால் போதும், மேசையைச் சுற்றியிருக்கும் எல்லோரும் மூடிக்கொள்வார்கள். "ஆண்டவரே, பெரிய மண்டபத்தையே எடுக்கணும்னு எங்க உள்ளத்துல ஏவினீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்பார். எல்லோரும் ஆமென் சொல்வார்கள். கண்ணைத் திறக்கும்போது பெரிய மண்டபம் முடிவாகியிருக்கும். சின்ன மண்டபமே போதுமென்று சொல்ல வாயைத் திறந்தவர், திறந்த வாயை ஆமெனுக்குப் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான். கடவுளிடம் பேசிக்கொண்டிருப்பவரைப் பார்த்து "ஐயா, ஒரு நிமிஷம்" என்று சொல்ல அந்த அறையில் ஒருவருக்கும் நாக்கு எழாது.

சேர்மன் மூன்று சபைகளுக்குப் போதகர். மாடிக் கட்டடமோ புது மைக் செட்டோ, எதுவானாலும் முதலில் அவருக்குத் தரிசனத்தில் காட்டப்பட்டுவிடும். கார் மாற்றுவதுகூட அப்படித்தான். அதனால் அவர் இல்லாத இடங்களில் அவர் பெயர் தரிசனம். இந்த ஆண்டு காட்டப்பட்டது வாலிபர் ஊழியர் மாநாடு. வாலிபர்கள் சபையிலிருந்து நழுவுகிறார்கள், அவர்கள் நடுவில் சபைக்காக ஊழியம் செய்கிறவர்கள் சோர்ந்துவிட்டார்கள், அவர்களைத் திரட்டி எழுப்ப வேண்டும். இதற்காக அமைந்த கமிட்டியில் வாலிபர் நடுவில் நிஜமாகவே ஊழியம் செய்துகொண்டிருந்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் வாலிபத்தைப் பழைய ஆல்பத்தில் வைத்திருந்தார்கள்.

அந்த ஒருவர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் சின்ன சபையில் சனிக்கிழமை மாலைகளில் வாலிபர் கூட்டம் நடத்துவார். கூட்டம் நடக்கும் இடம், உபயோகப்படாத நாற்காலிகளை அடுக்கி வைக்கும் அறை. செல்போன் கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண், ஒரே பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பவன், இன்னும் இப்படிச் சிலர் வருவார்கள். வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவனும் வந்துகொண்டிருந்தான். அவனை எல்லோரும் டெலிவரி என்றே கூப்பிட்டார்கள். அவனுக்கும் அதில் வருத்தமில்லை.

ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அவன் கேட்டான்.

"அக்கா, நான் இல்லாமப் போயிட்டா யாருக்காவது தெரியுமா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். டீச்சரின் வாய், பழகிய வாய், ஒரு பைபிள் வசனத்தைச் சொல்லிவிட்டது. நல்ல வசனம்தான். "சரிக்கா" என்றான். கையிலிருந்த நாற்காலியை மற்றதன்மேல் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. போன் செய்தால் "வண்டியில இருக்கேன்கா, அப்புறம் பேசறேன்" என்பான். அந்த அப்புறம் வரவேயில்லை.

வசனத்துக்குப் பதிலாக என்ன சொல்லியிருக்க வேண்டும்? டீச்சருக்குத் தெரியவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறை பேசிப் போன மனநல டாக்டரின் எண் அவரிடம் இருந்தது. அந்த அம்மாவுக்குப் போன் செய்தும்விட்டார். ஆனால் 'எங்க பையன் ஒருத்தன்' என்று ஆரம்பித்தால் 'நீங்க என்ன சொன்னீங்க?' என்று கேள்வி வருமே. ஆகவே, "எங்க மாநாட்டுல வந்து ஊழியக்காரங்களுக்குப் பொதுவா ஒரு முக்கால் மணி நேரம் பேசுவீங்களா? மனசு உடைஞ்சு வர்ற பிள்ளைங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு" என்றார். டாக்டர் சம்மதித்தார். கமிட்டிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து டீச்சருக்கும் அந்தப் புத்தி ஒட்டியிருந்தது. ஒரு உயிரைப் பற்றிக் கேட்பதற்குக்கூட நிகழ்ச்சி நிரலில் இடம் பிடிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

இடம் பிடிப்பது சுலபமாக இல்லை.

"டாக்டரா?" என்றார் தரிசனம். "விசுவாசியா அவங்க?"

"அதைக் கேக்கல ஐயா."

"அதைத்தானேம்மா முதல்ல கேக்கணும்!"

பொருளாளர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். எதையும் சிமென்ட் பூசி மூடுவதில் கைதேர்ந்தவர். "டீச்சர் சொல்றது நல்ல விஷயம்தான் ஐயா" என்று ஆரம்பித்தார். "ஆனா மாநாட்டுக்கு வர்றவன் சந்தோஷமாப் போகணும். சாவு, மனச்சோர்வுன்னு பேசினா பிசாசுக்கு நாமளே மேடை போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"பேசாம இருக்கறதாலதான் பிசாசு மேடை இல்லாமலே பேசிட்டிருக்கான்" என்றார் டீச்சர்.

யாரும் சிரிக்கவில்லை. தரிசனம் புன்னகை மட்டும் செய்தார். "ஜெபத்துல வைப்போம்மா" என்றார்.

அந்த மேசையில் ஜெபத்தில் வைக்கப்பட்ட எதுவும் திரும்பி வந்ததில்லை. எல்லோருக்கும் அது தெரியும். கடவுளை அவர்கள் ஒரு பரண்போல உபயோகித்தார்கள்.

டீச்சர் விடவில்லை. அடுத்தடுத்த கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கூட்டங்களில் பேசப்பட்டவை பெரிய விஷயங்கள். மாநாட்டுச் சின்னத்தில் இருந்த புறா பறக்க வேண்டுமா, இறங்க வேண்டுமா என்பதற்கு ஒரு மாலை முழுவதும் போயிற்று. மேடையில் யார் யாருக்கு நாற்காலி, அதில் யார் யாருக்குக் கை வைத்த நாற்காலி என்பதற்கு இன்னொரு மாலை. நினைவுப் பரிசில் சேர்மனின் படம் இருக்கலாமா என்ற கேள்வியைச் சேர்மனே எழுப்பி, வேண்டாம் என்று தாழ்மையாக மறுத்து, பிறகு ஜெபத்தில் அதற்காக நன்றி செலுத்தினார். கடைசியில் டீச்சரின் தொல்லை தாங்காமல், இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் டாக்டருக்கு இடம் கொடுத்தார்கள். பசித்த கூட்டத்துக்கு முன்னால் யார் நின்றால் என்ன?

மாநாடு வந்தது. ஊழியர்கள் பல ஊர்களிலிருந்து வந்து, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிறப்புச் செய்தியாளராக அழைக்கப்பட்ட பிரசங்கியார் விமானத்தில் வந்தார். அவருடைய தலைப்பு 'வாலிபரின் குரலுக்குச் செவிகொடுப்போம்'. முதல் நாள் முழுக்க அவர் பேசினார். இரண்டாம் நாள் காலையும் அவரே பேசினார். செவிகொடுக்க வேண்டிய அவசியத்தைப் பற்றி ஒருவர் இவ்வளவு நேரம் பேச முடியும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. கேள்வி கேட்க விரும்பியவர்களைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். கிராமத்துச் சபை ஒன்றிலிருந்து வந்த பெண், முழங்காலில் சீட்டை வைத்து முன்னும் பின்னும் எழுதிக் கொடுத்தாள். எல்லாச் சீட்டுகளையும் ஒரு கூடையில் வாங்கினார்கள். செய்தியாளர் கூடையின்மேல் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். கூடை மேடைக்குப் பின்னால் போயிற்று.

டாக்டர் வந்து கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையல்கட்டிலிருந்து பாத்திரச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கான்ட்ராக்டர் குனிந்தபடி டீச்சரின் நாற்காலிக்கு வந்தார்.

"டீச்சர், நேரமாயிடுச்சு. செய்தியாளரைப் பாதியில நிறுத்த முடியாது பாருங்க. டாக்டரம்மாவ அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷமா?"

"கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத்தான் முடிவு ஜெபம் இருக்கே. சுருக்கமாப் பண்ணிடுங்க, சாப்பாடு ஆறிடும்."

முடிவு ஜெபம் எப்போதும் பெண்களுக்குத்தான். மாநாட்டில் பெண்களுக்கும் இடம் தந்தோம் என்று அறிக்கையில் எழுத வேறு எதுவும் இருக்கவில்லை.

டீச்சர் மேடை ஏறினார். மைக் கைக்கு வந்தது. "கண்களை மூடி, தலைகளைத் தாழ்த்துவோம்" என்றார். மண்டபம் முழுக்கக் கண்கள் மூடின. மேடையில் கை வைத்த நாற்காலிகளிலும் மூடின. கீபோர்டு வாசிப்பவர் வழக்கம்போல மெல்லிய இசையைத் தவழவிட்டார். ஒரு மண்டபம் நிறையப் பேர் வாயைத் திறக்க முடியாமல் தனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை டீச்சர் பார்த்தார். கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். இந்த ஆயுதம் இத்தனை மாதமாக எதிரில்தான் உட்கார்ந்திருந்தது.

"ஆண்டவரே" என்றார். "இந்த மாநாட்டுக்காக ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றது கூட்டம்.

"ஆண்டவரே, என்கிட்ட ஒரு பையன் வந்தான். நான் இல்லாமப் போயிட்டா யாருக்காவது தெரியுமான்னு கேட்டான். நான் வசனம் சொன்னேன். அவன் போயிட்டான். அதுக்கப்புறம் வரல. நான் என்ன சொல்லியிருக்கணும்னு எனக்குத் தெரியல ஆண்டவரே. இங்க இருக்கற நிறையப் பேருக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுத்தான் நாங்க பாட்டுப் பாடறோம்."

இந்த முறை ஆமென் வரவில்லை. எங்கோ ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. தரிசனம் நிலைமையைப் புரிந்துகொண்டு, முடித்து வைக்கும் தொனியில் உரத்து, "ஆமென்! ஆமென்!" என்றார். கூட்டமும் "ஆமென்!" என்றது.

"ஆமென் ஆண்டவரே, இன்னும் இருக்கு" என்றார் டீச்சர். "எங்களுக்குச் சொல்லித் தர ஒருத்தங்களை அனுப்பியிருக்கீர். கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க. அவங்களை இப்ப மேடைக்கு நடத்தும்."

டாக்டருக்கு இந்த ஜெப முறைகள் எதுவும் தெரியாது. ஆனால் கூப்பிடுகிறார்கள் என்பது தெரிந்தது. எழுந்து நடந்து வந்தார். கான்ட்ராக்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து கீபோர்டுகாரருக்குச் சத்தத்தைக் கூட்டும்படி சைகை செய்தார். கீபோர்டுகாரர் கூட்டினார். அதனால் ஜெபத்துக்கு இன்னும் உருக்கமும் அபிஷேகமும் ஏறினதுதான் மிச்சம். இரண்டு மூன்று பேர் கைகளையே உயர்த்திவிட்டார்கள்.

"ஆண்டவரே, இவங்க பேசி முடிக்கிற வரைக்கும் ஜெபம் முடியல" என்று சொல்லிவிட்டு டீச்சர் மைக்கைக் கொடுத்தார்.

டாக்டர் தாழ்ந்த தலைகளை ஒருமுறை பார்த்தார். "கண்ணை மூடிக்கிட்டே கேளுங்க, பரவாயில்ல" என்றார். "முதல்ல அந்தப் பையனைப் பத்திச் சொல்றேன். அவன் கேட்டது கேள்வி இல்ல. கதவு. நீங்க பதில் சொன்னா கதவு மூடிடும். 'செத்துப் போயிடலாம்னு தோணுதா'ன்னு நேராக் கேளுங்க. கேட்டா நீங்களே யோசனை குடுத்த மாதிரி ஆயிடுமோன்னு பயப்படாதீங்க. ஆகாது. கேட்டதும் அவனுக்கு மூச்சு வரும். அப்புறம் நீங்க வாயை மூடணும். அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் வசனம் வேணாம், புத்திமதி வேணாம், எங்க காலத்துலன்னு ஆரம்பிக்க வேணாம். ஆமான்னு சொன்னா அவனைத் தனியா விடாதீங்க. எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட நீங்களே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க. ரகசியமா வெச்சுக்கறேன்னு மட்டும் சத்தியம் பண்ணாதீங்க."

அவர் முக்கால் மணி நேரமும் பேசினார். ஊழியர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். கிராமத்துச் சபைப் பெண் கழுத்து அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். மேடையில் இருந்தவர்கள் மட்டும் கடைசிவரை மூடியே இருந்தார்கள். திறந்தால், கேட்டதாக ஆகிவிடும். செய்தியாளர் உண்மையாகவே தூங்கிவிட்டிருந்தார்.

முடிவைக் கேட்க டீச்சர் அங்கே நிற்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவரும் பேச்சு வந்தபோதே மேடையிலிருந்து இறங்கிவிட்டார். மண்டப வாசலில் நின்று போன் செய்தார்.

"வண்டியில இருக்கேன்கா, அப்புறம்—"

"வண்டியை ஓரமா நிறுத்து."

"சாப்பாடு குடுக்கணும்கா. லேட்டானா கத்துவாங்க."

"கத்தட்டும். நிறுத்துடா."

இன்ஜின் சத்தம் நின்றது. ஒரு வசனம் டீச்சரின் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"அன்னிக்கு நாற்காலி அடுக்கும்போது ஒண்ணு கேட்டியே. செத்துப் போயிடலாம்னு தோணுதா உனக்கு?"

அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்துபோயிற்று. பிறகு இன்னொன்று. டீச்சர் பேசவில்லை. வகுப்பில் விடைக்காகக் காத்திருக்கும்போதுகூட அவர் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

"ஆமாக்கா" என்றான் டெலிவரி. அழுகிற சத்தம் கேட்டது. அவன் அழட்டும் என்று டீச்சர் நின்றார். பிறகு அவன் பேசினான். கோர்வையில்லாமல் அண்ணனைப் பற்றி, அறையைப் பற்றி, தூக்கம் வராததைப் பற்றிப் பேசினான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் ஓய்ந்தபோது, "எங்க இருக்க?" என்றார்.

"பெட்ரோல் பங்க் பக்கத்துல. டிப்போ தாண்டி."

"அங்கயே இரு. போனை வெக்காத. நான் வர்றேன். என்கூட ஒரு டாக்டரும் வருவாங்க."

உள்ளே மைக் கை மாறியிருந்தது. தரிசனத்தின் குரல் மண்டபத்தை நிறைத்தது. "ஆண்டவரே, இந்த அருமையான வேளையை எங்க கமிட்டியின் உள்ளத்துல ஆதி முதலே ஏவினவர் நீர்தானே! வருஷாவருஷம் இப்படி ஒரு வேளையை இந்த மாநாட்டுல வைக்கிறதுக்காக உமக்கு ஸ்தோத்திரம்!"

கூட்டம் ஆமென் என்றது. தீர்மானம் நிறைவேறியது.

டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "இப்பவும் ஜெபம்தான் நடக்குதா?" என்று கேட்டார். டீச்சர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், வாங்க என்று கையசைத்தார்.

"அக்கா?" என்றது போன். "இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"வர எவ்வளவு நேரமாகும்?"

டீச்சர் அதற்குள் தெருவில் இறங்கி, வருகிற ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.